லைலா முராத்: ஒரு வதந்தியும் அதன் அறிவிப்பாளர் தொடரும்

நபிமொழிக் கலையைப் பயிலத் தொடங்கும் மாணவன் முதலில் கற்றுக்கொள்வது ஒரு கேள்வியை. இதை உமக்கு அறிவித்தவர் யார்? அவருக்கு அறிவித்தவர் யார்? இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததுண்டா? செய்தியின் கருத்து எத்துணை அழகியதாயினும், எத்துணை பயன் தருவதாயினும், இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காத வரை அது வெறும் பேச்சாகவே நிற்கும். ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ், 852இல் மறைந்த இப்னு ஹஜர் ஆகிய பேரறிஞர்கள் தொகுத்து வகைப்படுத்திய இக்கலைக்கு நிகரான ஒன்றை வேறெந்தச் சமுதாயமும் உருவாக்கவில்லை என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பெருமை நியாயமானதே. ஆனால் அதே கேள்வியை அன்றாடச் செய்திகளிடம் நாம் கேட்டிருக்கிறோமா என்பதை ஆராய ஒரு நிகழ்வு கிடைக்கிறது. அது நிகழ்ந்த ஆண்டு 1952. இடம் கெய்ரோவும் திமிஷ்கும். செய்திக்கு இலக்கானவர் எகிப்தின் பாடகியும் திரைப்பட நடிகையுமான லைலா முராத்.

ஒரு நடிகையின் கதைக்கு நபிமொழிக் கலையின் அளவுகோலை எடுப்பதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இசையும் நடிப்பும் மார்க்கத்தில் பெறும் இடம் குறித்து அறிஞர்களிடையே நெடிய விவாதம் உண்டு. அது வேறு வழக்கு, அதனை இங்கு விசாரிக்கப் போவதில்லை. ஒருவருடைய தொழில் நமக்கு உவப்பில்லை என்பதனால் அவரைப் பற்றிக் கூறப்படும் எதனையும் நம்பிவிடலாம் என்று எந்தச் சட்ட நூலும் சொன்னதில்லை.

லைலா 1918இல் எகிப்தின் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை ஸகீ முராத், முதல் உலகப் போர்க் காலத்திலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் புகழோடு விளங்கிய பாடகர். யூத வழிபாட்டில் வேதப் பாடல்களை இசைப்பவராகவும் இருந்தார். மகளுக்கு முதல் ஆசான் அவரே. அடுத்த ஆசான் தாவூத் ஹுஸ்னீ. 1937இல் மறைந்த இவ்விசையமைப்பாளரும் யூதர்தாம். முவஷ்ஷஹ், தவ்ர் எனும் பழைய அரபுப் பாடல் வகைகளைக் காத்துத் தந்தவர்களுள் ஒருவர் அவர். அரபு இசையின் மரபை ஒரு யூதரிடமிருந்து இன்னொரு யூதர் கற்பதும், அதனை முஸ்லிம்களும் கிறித்தவர்களும் கூடியிருந்து கேட்பதும் அன்றைய எகிப்தில் வியப்புக்குரிய செய்தியல்ல. அந்தலூஸியாவை அறிந்தோர்க்கு இதில் புதுமை ஏதும் தோன்றாது.

1934 மே 31ஆம் நாள் எகிப்திய அரசு வானொலி தொடங்கப்பெற்றது. ஷைகு முஹம்மத் ரிஃப்அத் அவர்களின் திருக்குர்ஆன் ஓதலோடு தொடங்கிய அந்த வானொலியில் அவ்வாண்டிலேயே லைலாவின் குரலும் ஒலிக்கலாயிற்று. அப்போது அவருக்கு வயது 16. நான்கு ஆண்டுகள் கழித்து, 1938இல், முஹம்மத் கரீம் இயக்கிய ‘யஹ்யல் ஹுப்’ என்னும் படத்தில், அந்நாளில் இசையுலகின் முடிசூடா மன்னராயிருந்த முஹம்மத் அப்துல் வஹ்ஹாபுடன் கதாநாயகியாகத் தோன்றினார். ‘காதல் வாழ்க’ என்பது அத்தலைப்பின் பொருள்.

அடுத்த சில ஆண்டுகள் அவரை வளர்த்தவர் தோகோ மிஸ்ராஹி. இஸ்கந்தரிய்யாவைச் சேர்ந்த, இத்தாலியக் குடியுரிமை கொண்ட யூத இயக்குநர். 1939 முதல் 1944 வரை இவர் லைலாவைக் கொண்டு எடுத்த படங்கள் ஐந்து. அவற்றின் தலைப்புகளில் அரபு கற்பிப்போர்க்கு ஒரு சிறு வேடிக்கை உண்டு. முதற்படத்தின் பெயர் ‘லைல மும்திர’, அதாவது ‘மழை இரவு’. இரவைக் குறிக்கும் சொல்லின் ஈற்றில் வரும் தாவும், நடிகையின் பெயர் ஈற்றில் வரும் அலிஃபும் எழுத்தில் வேறு. எகிப்தியர் நாவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இந்த ஒலி ஒற்றுமையைக் கண்ட மிஸ்ராஹி அடுத்து வந்த படங்களுக்கு நடிகையின் பெயரையே சூட்டினார்: ‘கிராமத்து மகள் லைலா’, ‘பள்ளி மாணவி லைலா’, ‘இருளில் லைலா’. 1942இல் வந்த படத்திற்குத் தலைப்பு ‘லைலா’ மட்டுமே. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்ஸாந்தர் துமாவின் மகனான இளைய துமா எழுதிய கதையைத் தழுவியது அது. ஜெர்மானியப் படை அல்அலமைன் வரை வந்து நின்ற ஆண்டில், கெய்ரோ மக்கள் திரையரங்கில் கண்ணீர் விட்டது இப்படத்திற்குத்தான்.

1945இல் நடிகரும் இயக்குநருமான அன்வர் வஜ்தீ ‘ஏழைகளின் மகள் லைலா’ என்னும் படத்தை எடுத்தார். அவ்வாண்டிலேயே இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. (வஜ்தீ என்று நாம் எழுத்தின்படி படிக்கும் பெயரை எகிப்தியர் ஜீமைக் ககரமாக்கி வக்தீ என்பர்.) அவருடைய குடும்பம் ஸிரியாவின் ஹலபிலிருந்து வந்து எகிப்தில் குடியேறியது. பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது இக்குறிப்பை மனத்தில் கொள்வது நல்லது.

இவ்விருவரும் சேர்ந்து தந்த படங்களுள் 1949இல் வெளிவந்த ‘ஃகஸல் அல்பனாத்’ பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். தலைப்பு இருபொருள்படும்: பெண்களிடம் பேசும் காதற்பேச்சு என்பது ஒன்று, எகிப்தில் சிறுவர் வாங்கித் தின்னும் பஞ்சுமிட்டாய் என்பது மற்றொன்று. கதையின் நாயகர் ஓர் அரபு மொழி ஆசிரியர்! உஸ்தாத் ஹம்மாம் என்பது பெயர். கிழிந்த கோட்டும் பழைய தொப்பியுமாக, மாணவியரின் குறும்புக்கு ஆளாகி, பள்ளியிலிருந்து வேலையும் போய் நிற்கும் முதியவர். பாஷா ஒருவரின் மகள் அரபுப் பாடத்தில் தேர்ச்சி பெறவில்லை என்பதால் அவளுக்கு வீட்டில் பாடம் சொல்ல அவர் அமர்த்தப்படுகிறார். இலக்கணம் கற்க மனமில்லாத அம்மகளாக லைலா நடித்தார். மாளிகையில் நாய்க்கு ஒரு வேலையாள், அவ்வேலையாளுக்குத் தம்மைவிட உயர்ந்த ஊதியம் என்று ஆசிரியர் அறிந்துகொள்ளும் காட்சியில் சிரிக்காதவர் இருக்க மாட்டார்கள். அரபு மொழியைக் கற்பிப்போரின் நிலை குறித்து நம் கல்லூரி ஆண்டு மலர்களில் வந்த கட்டுரைகள் அனைத்தும் சேர்ந்தும் அந்த ஒரு காட்சி சொன்னதைச் சொல்லவில்லை என்பது என் கருத்து.

ஆசிரியராக நடித்தவர் நஜீப் அர்ரைஹானீ. ஈராக்கிலிருந்து வந்த கல்தேயக் கிறித்தவரின் மகன். எகிப்திய நகைச்சுவை நாடகத்தின் தந்தை எனத்தகும் பெருங்கலைஞர். தம் மாணவியின்மீது மெல்ல மனம் சாய்ந்துவிட்டதை உணர்ந்து, அது ஒருபோதும் கைகூடாது என்பதையும் உணர்ந்து, அப்துல் வஹ்ஹாபின் பாடலைக் கேட்டவாறே அம்முதியவர் கண்கலங்கும் இறுதிப் பகுதி அரபுத் திரையில் மறக்கவியலாத ஒன்று. படம் மக்கள்முன் வருவதற்குள், 1949 ஜூன் மாதத்தில் ரைஹானீ இறந்துவிட்டார். 1996இல் எகிப்தியத் திறனாய்வாளர்கள் தங்கள் நாட்டின் சிறந்த நூறு படங்களைத் தேர்ந்தபோது இப்படத்திற்கு முதற்பத்தில் இடம் அளித்தனர்.

ஹலபு மரபினரான ஒரு முஸ்லிம், கல்தேய மரபினரான ஒரு கிறித்தவர், யூத மரபினரான ஒரு பெண் ஆகிய மூவரும் கூடி ஆக்கிய இப்படம் வெளிவந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1948 மே மாதத்தில் இஸ்ரேல் நிறுவப்பட்டு, ஃபலஸ்தீனர் இலட்சக்கணக்கில் வீடிழந்து, அரபு நாடுகளின் படைகள் போரில் தோற்றுத் திரும்பியிருந்த காலம் அது. 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எகிப்தில் 65,000க்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தனர். அவர்களுள் ஸியோனியக் கொள்கையை ஏற்றோரும் இருந்தனர். அதனை வெளிப்படையாக எதிர்த்தோரும் இருந்தனர். அதைப் பற்றி எண்ணியும் பாராமல் கடை நடத்தியோரே மிகப்பலர். ஆயினும் 1948க்குப் பின் இவ்வேறுபாடுகளைப் பார்ப்பதற்கு எவருக்கும் பொறுமையில்லை. அவ்வாண்டு கோடையில் கெய்ரோவின் யூதர் தெருவில் குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். தோகோ மிஸ்ராஹி எகிப்தைவிட்டு இத்தாலி சென்றுவிட்டார். 1986இல் இறக்கும்வரை அவர் மீண்டும் படமெடுக்கவில்லை. கமீலியா என்னும் இளம் நடிகை 1950 ஆகஸ்ட் 31ஆம் நாள் விமான விபத்தில் மாண்டபோது, உடல் அடக்கமாவதற்கு முன்பே அவர் ஓர் உளவாளி என்ற பேச்சு எழுந்தது. இன்றுவரை அப்பேச்சு ஓயவில்லை.

இதற்கு முன்னரே, 1940களின் பிற்பகுதியில், லைலா முராத் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார். அவருடைய தம்பியும் இசையமைப்பாளருமான முனீர் முராதும் பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார்.

இனி 1952. அவ்வாண்டு ஜூலை 23இல் இராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். மூன்று நாள்களில் மன்னர் ஃபாரூக் நாடு கடந்தார். லைலா அக்கோடையில் ஃபிரான்ஸில் இருந்தார். செப்டம்பரில் திமிஷ்கிலிருந்து ஒரு செய்தி கெய்ரோ நாளிதழ்களுக்கு வந்து சேர்ந்தது. பாடகி லைலா முராத் இஸ்ரேலுக்குச் சென்று 50,000 பவுன் நன்கொடை அளித்தார், ஆதலால் அவருடைய பாடல்களும் படங்களும் ஸிரியாவில் தடைசெய்யப்படுகின்றன என்பதே அது.

இச்செய்தியை நபிமொழிக் கலைஞர் ஒருவர் முன் வைத்தால் அவர் என்ன செய்வார்?

முதலாவதாக, அறிவிப்பாளர் யார் என்று கேட்பார். பணம் கொடுத்ததைக் கண்டவர் யார்? பெற்றவர் யார்? பெயர் இல்லை. ‘கூறப்படுகிறது’, ‘தெரியவருகிறது’ என்ற செயப்பாட்டு வினைகளே உள்ளன. நம் முன்னோர் இத்தகைய சொல்லாட்சிக்கு ஒரு பெயர் இட்டுள்ளனர்: ஸீஃகத்துத் தம்ரீள், அதாவது நோயுற்ற செய்தியைச் சுட்டும் வாய்பாடு. ‘கால’ என்று உறுதியாகச் சொல்லத் தகுதியில்லாத இடத்தில் ‘ரூவிய’ என்றும் ‘கீல’ என்றும் அவர்கள் எழுதினர். கற்றவர் அதைக் கண்டதும் எச்சரிக்கை அடைந்தனர். நாளிதழ் வாசகரோ அதே வாய்பாட்டைக் கண்டதும், உள்ளே ஏதோ பெரிய இரகசியம் இருக்கிறது என்று கூடுதலாக நம்புகிறார். ஒரே சொல்வடிவம் ஈரிடத்தில் எதிரெதிர் விளைவைத் தருவதை இலக்கண ஆசிரியர்கள் ஆராயலாம்.

இரண்டாவதாக, செய்தி பரவிய விதத்தை நோக்குவார். பெய்ரூத்தில் சொல்கிறார்கள், அம்மானில் சொல்கிறார்கள், பஃக்தாதில் சொல்கிறார்கள். இத்தனை பேர் சொல்வது பொய்யாகுமா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தனர். பலர் வாயிலாக வருவதனால் மட்டும் ஒரு செய்தி முதவாத்திர் ஆகிவிடாது. ஒவ்வொரு படித்தரத்திலும் பலர் இருத்தல் வேண்டும். தொடரின் தலைப்பில் உள்ளவர்கள் கண்டோ கேட்டோ அறிந்தவர்களாக இருத்தல் வேண்டும். ஓர் ஊற்றிலிருந்து நூறு வாய்க்கால் பிரிந்தாலும் ஊற்று ஒன்றே. இங்கு ஊற்றின் இடம் திமிஷ்க் என்பதற்கு அப்பால் எதுவும் இல்லை.

மூன்றாவதாக, குறை கூறுவோர் அதற்குக் காரணம் காட்டியுள்ளனரா என்று பார்ப்பார். ஒருவரை நம்பகமானவர் என்று சொல்வதற்கு விளக்கம் வேண்டியதில்லை. குறை சொல்வதற்கு விளக்கம் வேண்டும் என்பது இப்னுஸ் ஸலாஹ் முதலானோர் ஏற்ற நெறி. நற்சான்றின் காரணங்கள் எண்ணற்றவை, அவற்றைப் பட்டியலிட முடியாது; குறைக்கோ ஒரு காரணம் போதும், ஆகவே அதைச் சொல்ல முடியும், சொல்ல வேண்டும் என்பர். லைலாமீது சொல்லப்பட்ட குறைக்குப் பின்னால் சொல்லப்படாமல் நின்ற ஒரே காரணம் அவருடைய பிறப்பு. உம்மு குல்ஸூமைப் பற்றி இத்தகைய செய்தி வந்திருந்தால் எவரேனும் நம்பியிருப்பரா? நகைத்திருப்பர்.

செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு பணிக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் நாம் அனைவரும் அறிந்தது. அதில் வரும் ஏவற்சொல்லை நம் நாட்டில் ஓதப்படும் ஹஃப்ஸ் முறையில் ‘ஃபதபய்யனூ’ என்று ஓதுகிறோம். தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்பது பொருள். ஹம்ஸா, கிஸாயீ ஆகியோரின் ஓதல் முறையில் அது ‘ஃபதஸப்பதூ’ என்று வரும். அதில் நிதானித்து நில்லுங்கள் என்னும் பொருள் மேலோங்குகிறது. புள்ளியிடப்படாத பழைய எழுத்தில் இரண்டும் ஒரே வடிவம். ஒன்று தேடச் சொல்கிறது. மற்றொன்று தேடி முடியும்வரை அசையாதிருக்கச் சொல்கிறது. ஸிரிய அரசு இரண்டனுள் எதையும் செய்யவில்லை.

பிறப்பைக் காரணமாக்கி எழும் ஐயத்திற்கு நம் வரலாற்றின் தொடக்கத்திலேயே முன்நிகழ்வு உண்டு. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் கைபரின் யூதத் தலைவர் ஹுயய்யின் மகளார். அவர்களை யூதப் பெண் என்று குத்திக்காட்டியதைக் கேட்டு அவர்கள் அழுதபோது, ஹாரூன் (அலை) தம் தந்தை, மூஸா (அலை) தம் சிறிய தந்தை, முஹம்மத் (ஸல்) தம் கணவர் என்று மறுமொழி கூறுமாறு அண்ணலார் கற்பித்ததைத் திர்மிதீயில் காண்கிறோம். உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் நிகழ்ந்த இன்னொன்றை இப்னு அப்துல் பர்ரும் இப்னு ஹஜரும் தம் நூல்களில் குறித்துள்ளனர். அன்னையாரின் பணிப்பெண் ஒருத்தி கலீஃபாவிடம் சென்று, அவர்கள் சனிக்கிழமையை நேசிக்கிறார்கள், யூதர்களுக்கு உதவுகிறார்கள் என்று முறையிட்டாள். உமர் (ரலி) செய்தது மிக எளியது: ஆளனுப்பி அன்னையாரிடமே கேட்டார்கள். வெள்ளிக்கிழமை தமக்கு அருளப்பட்டபின் சனிக்கிழமையை நேசிக்கவில்லை என்றும், யூதர்களிடையே தமக்கு உறவினர் உள்ளனர், அவர்களோடு இரத்த உறவைப் பேணுகிறோம் என்றும் அன்னையார் விடையளித்தார்கள். விடை ஏற்கப்பட்டது. பணிப்பெண்ணை அன்னையார் விடுதலை செய்துவிட்டார்கள்.

ஆளுக்கு ஆள் ஒப்பிடுவதற்காக இதைக் கூறவில்லை; அத்தகைய ஒப்பீடு ஒழுங்கீனம். விசாரிக்கும் முறைக்காகவே கூறினேன். பெரும் பேரரசின் தலைவர், இரு நாட்டுப் போர்க்களங்களுக்கு நடுவே, ஒரு புகாரை உரியவரிடமே கேட்டுத் தீர்க்க நேரம் கண்டார்.

கெய்ரோவில் விசாரணை நடந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நான் குற்றம் சாட்டிய தவறையே நானும் செய்தவனாவேன். லைலா நாளிதழ்கள் வாயிலாகச் செய்தியை மறுத்தார். தாம் முஸ்லிம், தாம் எகிப்தியர் என்று அறிவித்தார். புதிய இராணுவ ஆட்சியினர் விசாரித்து, அவர் இஸ்ரேல் சென்றதற்கோ பணம் கொடுத்ததற்கோ எவ்விதச் சான்றும் இல்லை என்று அவ்வாண்டிலேயே கண்டனர். அவ்வாட்சியினரின் முழக்கமான ‘ஒற்றுமை, ஒழுங்கு, உழைப்பு’ என்பதைப் பாடலாக்கியபோது அதைப் பாடியவரும் லைலாதான். ஆனால் மறுப்புக்கு வதந்தியின் கால்கள் இல்லை. எகிப்தின் தீர்ப்பு ஸிரியாவைக் கட்டுப்படுத்தவில்லை. 1958இல் இரு நாடுகளும் ஐக்கிய அரபுக் குடியரசாக இணைந்தபோதுதான் தடை நீங்கியது என்பர்.

இந்த வதந்தியைக் கிளப்பியவர் அன்வர் வஜ்தீயே என்றொரு பேச்சு எகிப்திய இதழ்களில் நெடுங்காலமாக உலவுகிறது. இருவருக்கும் மனவேறுபாடு முற்றி மணவிலக்கு நிகழ்ந்த காலம் அது. குடும்ப வேரும் ஸிரியாவில் இருந்தது. ஆகவே அவராகத்தான் இருக்க வேண்டும் என்பது வாதம். லைலாவிடம் பரிவு கொண்டோர் இதை எளிதில் ஏற்கின்றனர். நான் ஏற்க மாட்டேன். சினம் இருந்தது, வாய்ப்பும் இருந்தது என்பதெல்லாம் ஊகத்திற்கு உதவும், அறிவிப்பாகாது. கண்டவர் இல்லை, கேட்டவர் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரோ 1955 மே மாதம் ஸ்டாக்ஹோமில் சிறுநீரக நோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த இடத்தில் இறந்துபோனவர். மனைவிமீது சொல்லப்பட்ட ஆதாரமற்ற செய்தியைக் கணவர்மீது சொல்லும் மற்றோர் ஆதாரமற்ற செய்தியால் ஈடுசெய்ய முடியாது.

மூன்றாவது செய்தி ஒன்று உண்டு. இது நமக்கு இனிப்பது. ஓர் அதிகாலையில் ஃபஜ்ருடைய பாங்கோசை கேட்டு லைலா எழுந்தார், அவ்வொலி என்றும் இல்லாத இனிமையோடு அவர் உள்ளத்தைத் தொட்டது, கணவரை எழுப்பி அப்போதே இஸ்லாத்தை ஏற்பதாகச் சொன்னார் என்பது. நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் இது சிறு சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. சிலவற்றில் பாங்கு, சிலவற்றில் அல்அஸ்ஹர் அறிஞர் ஒருவருடன் நிகழ்ந்த உரையாடல், சிலவற்றில் கணவர் முதலில் நம்பவில்லை, சிலவற்றில் உடனே மகிழ்ந்தார். அறை ஒன்றில் இருவர் மட்டும் இருந்தபோது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் செய்தி இத்தனை வடிவம் கொள்வதைக் கலைஞர்கள் இள்திராப் என்பர். அதாவது, எவ்வடிவம் சரி எனத் தீர்மானிக்க இயலாத குழப்பம். அவர் முஸ்லிமானார் என்பது அவருடைய சொந்த அறிவிப்பால் உறுதியான உண்மை. பாங்கோசை கேட்ட கதை அவ்வுண்மைக்குத் தேவையற்ற அணிகலன்.

இதைச் சொல்வதில் சற்று மனத்தடை உண்டு என்பதை ஒப்புகிறேன். நிலவில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கொலி கேட்டு, பின்னர் கெய்ரோவில் அதே ஒலியைக் கேட்டு முஸ்லிமானார் என்ற கதையை நம் மேடைகளிலும் கேட்டிருக்கிறோம். 1980களின் தொடக்கத்தில் அது இந்தோனேசியாவிலிருந்து எகிப்துவரை பரவியது, ஆம்ஸ்ட்ராங் மறுத்தார், 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறை முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு எழுத்துமூலமாக அதைத் தெளிவுபடுத்தியது. அக்கதை இன்னமும் கைப்பேசிகளில் வலம் வருகிறது. பகைமையால் பிறந்த பொய்யை ஆராய்வது எளிது. நம் உள்ளத்துக்கு உவப்பானதைச் சலித்துப் பார்ப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். மக்களுக்கு நன்மை கருதித் திருக்குர்ஆன் அத்தியாயங்களின் சிறப்புகளைப் பற்றி ஹதீஸ் புனைந்தோரையும் நம் முன்னோர் பொய்யர் பட்டியலிலேயே சேர்த்தனர். நல்லெண்ணத்திற்காக விலக்கு அளிக்கவில்லை.

லைலாவின் கடைசிப் படம் 1955இல் வெளிவந்த ‘அல்ஹபீப் அல்மஜ்ஹூல்’. ‘முகமறியாக் காதலன்’ என்று பெயர்க்கலாம். மஜ்ஹூல் என்பது அடையாளம் தெரியாத அறிவிப்பாளரைக் குறிக்க நாம் ஆளும் சொல்லும்கூட. அத்துடன் 37ஆம் வயதில் அவர் திரையுலகைவிட்டு விலகினார். மொத்தம் 27 படங்கள். வதந்தியே அவரை விரட்டியது என்று எழுதுவோர் பலர். அவ்வளவு எளிதாகச் சொல்ல இயலவில்லை. வதந்திக்குப் பின் மூன்றாண்டுகள் அவர் நடித்தார். 1952இல் யூஸுஃப் ஷாஹீன் இயக்கிய ‘ரயில் பெண்மணி’யும் வந்தது. இதற்கிடையில் எகிப்தியத் திரையின் சுவையும் மாறியது. 1955இல் அப்துல் ஹலீம் ஹாஃபிள் திரைக்கு வந்து இளையோரை ஈர்த்துக்கொண்டார். மறுமணம், மகப்பேறு, குடும்பம் என்று அவருடைய வாழ்வும் வேறு திசையில் சென்றது. இரண்டு ஆண்மக்களுக்குத் தாயானார். பலவும் சேர்ந்தே ஒரு கதவை மூடுகின்றன. எனினும் அடுத்த 40 ஆண்டுகள் அவர் பொதுமேடைகளைப் பெரும்பாலும் தவிர்த்தே வாழ்ந்தார் என்பதை எண்ணும்போது, 1952 அவர் நெஞ்சில் ஆறாமலேயே இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

1995 நவம்பர் 21ஆம் நாள் கெய்ரோவில் காலமானார். ஸய்யிதா நஃபீஸா பள்ளிவாசலிலிருந்து அவருடைய ஜனாஸா எடுத்துச் செல்லப்பட்டது. 2009ஆம் ஆண்டு ரமளானில் அவருடைய வாழ்க்கை தொலைக்காட்சித் தொடராக அரபு நாடுகளில் ஒளிபரப்பாயிற்று. ‘அன கல்பீ தலீலீ’ என்னும் அத்தொடருக்கு அவர் 1947இல் பாடிய பாடலின் பெயரையே சூட்டியிருந்தனர். இயக்கியவர் ஸிரியாவைச் சேர்ந்த முஹம்மத் ஸுஹைர் ரஜப்.

வதந்தி கிளம்பிய மறு ஆண்டு, 1953இல், அன்வர் வஜ்தீ இயக்கத்தில் அவர் நடித்த ‘பின்த் அல்அகாபிர்’ வெளிவந்தது. அதில் ஹஜ்ஜுக்குப் புறப்படுவோரை வழியனுப்பும் காட்சி ஒன்று. அபுஸ் ஸுஊத் அல்இப்யாரீ எழுத, ரியாள் அஸ்ஸுன்பாதீ இசையமைக்க, தாமும் உடன்செல்ல இயலவில்லையே என்ற ஏக்கத்தோடு பயணிகளை நோக்கி லைலா பாடுகிறார். எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஹஜ் காலம் வந்து, ஹாஜிகளை ஏற்றிச்செல்ல வண்டிகள் வீட்டு வாயில்களில் நிற்கும்போது, எகிப்திய வானொலி ஒவ்வோர் ஆண்டும் அப்பாடலையே ஒலிபரப்புகிறது.